ஆறு மாசக் குழந்தைக்கு ராகிக் கூழ்: கட்டி தட்டுது, மலம் இறுகுது, எங்கே தப்பு?

பொள்ளாச்சி_இளநீர்

பொண்ணுக்கு ஆறு மாசம் முடிஞ்சு பன்னிரண்டு நாள். எடை 7 கிலோ 100 கிராம். இதுவரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். பத்து நாளா காலையில ஒரு வேளை ராகிப்பால் கூழ் கொடுக்கிறோம். ஒரு டேபிள்ஸ்பூன் முழு ராகியை ஊறவச்சு அரைச்சு, டீ வடிகட்டியில வடிச்சு, ஒரு டம்ளர் தண்ணி ஊத்திக் காய்ச்சறேன். பால் புகட்டற பாலாடையில ஊத்தற பதம். கொஞ்சம் பனங்கற்கண்டும் போடறோம்.

கூழ் அடிக்கடி கட்டி தட்டுது. வாயில வச்சா பாதியை நாக்காலயே வெளியே தள்ளிடறா. முன்னாடி தினமும் மலம் போயிட்டு இருந்தவ, இப்ப மூணு நாளைக்கு ஒரு தடவைதான், அதுவும் இறுகி முக்கிப் போறா. அத்தை பதினெட்டு சாமான் போட்டு சத்துமாவு அரைச்சு வச்சிருக்காங்க, கூழுக்குப் பதிலா அதையே கொடுத்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. அடுத்த மாசம் நான் வேலைக்குப் போகணும், பகல்ல அத்தைதான் பாத்துக்குவாங்க. காலையிலயே காய்ச்சி ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சா மதியம் வரைக்கும் தாங்குமா?

மத்தும்_சட்டியும்

கட்டியை மட்டும் நான் சொல்லிடறேன், மத்ததை மத்தவங்க பாத்துக்கட்டும்.

ராகிப்பாலை அஞ்சு நிமிஷம் அசையாம வச்சுப் பாருங்க. மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும், அடியில சாம்பல் நிறத்துல சேறு மாதிரி ஒரு அடை படியும். அந்த அடைதான் மாவுச்சத்து. அதைச் சுரண்டிக் கலக்காம அடுப்பைப் பத்த வச்சா அடியில இருக்கறது முதல்ல வெந்து இறுகிடும். அதுக்கப்புறம் எவ்வளவு கிண்டினாலும் உடையாது. கொதிக்கற தண்ணியில ராகிப்பாலை ஊத்தினாலும் இதே கதைதான், விழுந்த இடத்துலயே வெளிப்பக்கம் வெந்து உள்ள பச்சையா உருண்டையாயிடும்.

முழு ராகி மூணு டேபிள்ஸ்பூன் எடுங்க. ஊறவைக்கறதுக்கு முன்னாடியே நாலஞ்சு தண்ணி கழுவி, ரெண்டு கிண்ணத்துக்கு மாத்தி மாத்திக் கல் அரிச்சுடணும். ராகியில பொடி மணல் எப்பவும் இருக்கும், ஊறின பிறகு அரிச்சா பாதி மணல் ராகியோட ஒட்டிக்கிட்டே வரும். ராத்திரி ஊறவச்சா காலையில சரியா இருக்கும். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, மிக்ஸி சின்ன ஜார்ல அரை கப் புதுத் தண்ணி விட்டு ஒரு நிமிஷம் அரைச்சு, நிறுத்தி, இன்னொரு நிமிஷம். தொடர்ந்து ஓட்டினா ஜார் சூடாகி அங்கேயே பிசுபிசுப்பு வந்துடும், துணியில இறங்காது.

டீ வடிகட்டி போதாது. ராகித் தோல் அதோட கண்ணுல நுழைஞ்சு வந்துடும், குழந்தைக்குத் தொண்டையில உறுத்தும், அதனாலயும் தள்ளுவா. துவைச்சு வெந்நீர்ல அலசின பழைய வேட்டித் துணி நல்லது. பிழிஞ்சிட்டு, சக்கையைத் திரும்ப ஜார்ல போட்டு கால் கப் தண்ணி விட்டு ரெண்டாம் பால் எடுங்க. ரெண்டும் சேர்ந்து முக்கால் கப் வரும். அடி கனமான பாத்திரத்துல ஊத்தி, அடியைத் தொட்டுக் கலக்கிட்டு, கரண்டி ஓடிட்டு இருக்கும்போதே அடுப்பைப் பத்த வைங்க. சிறு தீ. மூணு நாலு நிமிஷத்துல கரண்டி திடீர்னு கனக்கும், அந்த நேரத்துலதான் கையை எடுக்கக் கூடாது. நிறம் சாம்பல் வெள்ளையில இருந்து பழுப்பா மாறி மினுமினுப்பு வரும். அதுக்கப்புறமும் நாலு நிமிஷம் விடுங்க. பச்சை வாசனை போனாத்தான் வெந்துச்சுன்னு அர்த்தம், கெட்டியானது மட்டும் போதாது.

ஆறினா இன்னும் இறுகும். அதனால நீங்க ஊட்ட நினைக்கிற பதத்துக்கு ஒரு படி இளக்கமா இருக்கும்போதே இறக்கிடணும். மேல ஆடை படியறதையும் பல பேர் கட்டின்னு நினைச்சுக்கறாங்க. மூடி வச்சு, வெதுவெதுப்பா ஆனதும் ஒரு கலக்குக் கலக்கினா போயிடும். அப்படியும் கட்டி விழுந்துடுச்சுன்னா வடிகட்டியில போட்டு ஸ்பூன் முதுகால அழுத்தித் தேய்ச்சு இறக்குங்க. தண்ணி ஊத்தி மிக்ஸியில அடிக்காதீங்க, கூழ் நீர்த்துப் போயிடும்.

எடைக்கல்

மேலே சொன்ன செய்முறை சரி. ஆனால் கட்டியைவிடப் பெரிய சிக்கல் அந்த ஒரு டம்ளர் தண்ணீரில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் ராகி 10, 12 கிராம் இருக்கும். வடிகட்டிச் சக்கை போனபின் அதில் மிஞ்சுவது முப்பது கலோரிக்குள்தான். இந்த வயதில் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 கிராம். உங்கள் குழந்தைக்கு 210 மி.லி. அளவில் வரும். ஒரு டம்ளர் கூழ் கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும், உள்ளே போனது முப்பது கலோரி. அதே 200 மி.லி. தாய்ப்பாலில் 130 கலோரி இருக்கிறது. அதாவது நீர்த்த கூழ் கொடுப்பது, பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவதற்குச் சமம். "கூழ் கொடுத்தும் எடை ஏறவில்லை" என்ற புலம்பலில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன.

ஆறு முதல் எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்குத் தேவை சுமார் 200 கலோரி, ஒன்பது முதல் பதினொன்று வரை 300, ஒரு வயதுக்கு மேல் 550. இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 200 கலோரியை முப்பது முப்பதாகச் சேர்க்க முடியாது. மூன்று டேபிள்ஸ்பூன் ராகியில் எடுத்த முக்கால் கப் பாலைக் காய்ச்சி இறக்கும்போது ஏறக்குறைய அரை கப்தான் இருக்கும். அதில் ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் நெய் மட்டுமே நாற்பது கலோரி. நெய் பிடிக்காத வீட்டில் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விடலாம், கலோரி ஒன்றுதான்.

பதம் பார்க்க அளவுக் கோப்பை வேண்டாம். ஸ்பூனில் எடுத்துச் சாயுங்கள். சொட்டுச் சொட்டாக ஓடினால் நீர்ப்பு. ஸ்பூனிலேயே நின்று, தட்டினால் மெதுவாக வழுகி விழுந்தால் சரி.

பாலாடையை மருந்துக்கும் கறந்த பாலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மடியில் படுக்கவைத்துப் பாலாடையில் கூழை ஊற்றுவது ஆபத்து, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். முதுகு நிமிர உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், கீழுதட்டில் வைத்து அவளாக வாய் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். நாக்கால் தள்ளுவது பிடிக்காததால் அல்ல. பால் உறிஞ்சிப் பழகிய நாக்கு முன்னும் பின்னும்தான் போகும், உணவைப் பின்னால் தள்ள இன்னும் கற்கவில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். தள்ளியதை வழித்து மறுபடி ஊட்டலாம். மூக்கைப் பிடித்து ஊட்டுவது மட்டும் கூடவே கூடாது.

முதல் வாரம் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் இறங்கினால் போதும். பத்து நாள் ஆகிவிட்டது என்பதால் இரண்டாவது வேளையும் தொடங்கலாம். எட்டாம் மாதத்துக்குள் வேளைக்கு அரை கப், நாளுக்கு இரண்டு மூன்று வேளை என்று வந்துவிட வேண்டும்.

அந்த இரண்டாவது வேளை ராகியாக இருக்கக் கூடாது. பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் ஏறக்குறையக் கரைந்திருக்கும், தாய்ப்பாலில் இருப்பது மிகக் குறைவு. ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், 100 கிராமில் சுமார் 350 மி.கி. ஆனால் அதிலுள்ள கொஞ்ச இரும்பும் உடம்பில் சரியாக ஒட்டாது. பருப்பு, முட்டை, ஈரல், மீன் இவற்றில் எது உங்கள் வீட்டில் உண்டோ அதை இந்த மாதமே தொடங்குங்கள். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, நான்கு மடங்கு தண்ணீர், குக்கருக்குள் சின்னக் கிண்ணத்தில் வைத்து ஐந்து விசில். மத்தால் கடையுங்கள், மிக்ஸி வேண்டாம். நன்றாக வெந்த தக்காளி கொஞ்சமோ, ஆறியபின் நான்கு சொட்டு எலுமிச்சையோ சேர்ந்தால் பருப்பிலுள்ள இரும்பு கூடுதலாக ஒட்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ராகிக் கூழோடு சேர்த்துக் கொடுக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம்.

வேப்பமர_நிழல்

மலம் விஷயம்.

முதல்ல, மூணு நாளைக்கு ஒரு தடவைங்கறது மட்டும் மலச்சிக்கல் ஆகாது. முகம் சிவந்து முக்கினாலும் வர்றது களிம்பு மாதிரி மெத்துன்னு இருந்தா விட்டுடுங்க. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையா, காஞ்சு வந்தாத்தான் கவனிக்கணும். நீங்க இறுகின்னு எழுதியிருக்கறதால சொல்றேன்.

கூழ் ஆரம்பிச்சா குடல் பழக ரெண்டு வாரம் ஆகும். அந்த நேரத்துல சாப்பாட்டோட தண்ணியும் ஆரம்பிக்கணும், இதை நிறைய வீட்டுல மறந்துடறாங்க. கொதிக்க வச்சு ஆறின தண்ணி, வேளைக்கு 30 மி.லி., மொத்தமா நாளுக்கு நூறு நூத்தம்பது. சின்ன டம்ளர்ல சிப் சிப்பா. சாப்பாட்டுக்கு முன்னாடி கொடுத்து வயித்தை நிரப்பிடாதீங்க.

வடிகட்டின ராகியில நார் கிடையாது. இன்னொரு பக்கம் நேந்திரங்காய்ப் பொடி, அரைப்பழ வாழை ரெண்டும் கட்டும். யாராவது கேரளாவுல இருந்து அந்தப் பொடி வாங்கி வந்திருந்தா இப்போதைக்கு நிறுத்துங்க. தோல்ல கரும்புள்ளி விழுந்த பூவன் பழம், பப்பாளி, வேகவச்சு மசிச்ச பூசணி, கீரைத்தண்டு இல்லாம இலை மட்டும் மசிச்ச சிறுகீரை, இதெல்லாம் இளக்கும். உலர் திராட்சை எட்டு பத்து, கழுவி வெந்நீர்ல ராத்திரி ஊறவச்சு, பிசைஞ்சு வடிகட்டி, அந்தச் சாறு ரெண்டு டீஸ்பூன். முழுத் திராட்சை வேண்டாம், தொண்டையில அடைக்கும்.

வெத்தலைக் காம்புல விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில வைக்கறது, சோப்புத் துண்டு வைக்கறது, இது ரெண்டும் பழைய கைவைத்தியம்னு யாராவது சொல்வாங்க. அங்க தோல் கிழிஞ்சா அடுத்த தடவை வலிக்கு பயந்து குழந்தை அடக்கும், அடக்கினா இன்னும் இறுகும். அந்தச் சுழலை ஆரம்பிக்கவே விடாதீங்க. வயிறு உப்பல், பச்சை வாந்தி, மலத்துல ரத்தம், பால் குடிக்க மறுக்கறது, இதுல எது இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்.

பனங்கற்கண்டும் சர்க்கரைதான். "பனை"ன்னு பேர் இருக்கறதால அது மருந்தாயிடாது. இப்பவே இனிப்பு பழகினா பருப்பும் கீரையும் துப்புவா. ஒரு வயசு வரைக்கும் உப்பும் வேண்டாம், தேன் தொட்டும் வைக்காதீங்க. தேன்ல இருக்கற ஒரு கிருமி வித்து பெரியவங்க வயித்துல சும்மா கடந்து போயிடும், ஒரு வயசுக்குக் கீழ அது குடல்ல முளைச்சு நரம்பைத் தளர வைக்கற விஷம் ஆகும்.

பொள்ளாச்சி_இளநீர்

ரொம்ப நன்றி. நேந்திரங்காய்ப் பொடி வீட்டுல இருக்கு, சாயங்காலம் கொடுத்துட்டுதான் இருந்தோம்! அதை எழுதவே மறந்துட்டேன். சத்துமாவும் ஃபிளாஸ்க்கும் யாராவது சொல்லுங்களேன். தினமும் அரைச்சு வடிகட்ட அத்தைக்குக் கை வலி, முளைகட்டின ராகி மாவா வச்சுக்கலாமா?

தானியக்கூடை

வைத்துக்கொள்ளலாம். அதுவே நல்லது. ராகி முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதி சுரக்கும். அதனால் முளைகட்டிய மாவில் காய்ச்சிய கூழ் சாதாரண மாவைப் போல இறுகாது. அதே பதத்துக்கு இன்னும் அதிக மாவு போட முடியும் என்பதுதான் இதில் உள்ள லாபம். எடைக்கல் சொன்ன கணக்குக்கு இது நேராக உதவும். இரும்பு ஒட்டுவதும் கொஞ்சம் கூடும்.

அரை கிலோ ராகியைக் கழுவி, அரித்து, பத்து மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு ஈரத் துணியில் தளர்வாக மூட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறி நாறிவிடும். ஆறு மணிக்கொரு முறை தண்ணீர் தெளித்து, மூட்டையை ஒருமுறை உலுக்குங்கள். பொள்ளாச்சி வெயிலுக்கு ஒரு நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் வந்ததும் எடுத்துவிடுங்கள். நீள விட்டால் கசக்கும். வேர் வெள்ளையாக இருக்கும். சாம்பல் பச்சைப் பஞ்சு மாதிரி இருந்தால் அது பூஞ்சை, முழுவதையும் கொட்டிவிடுங்கள், பொறுக்கிப் பார்க்காதீர்கள்.

துணியில் மெல்லிசாகப் பரப்பி நிழலிலும் காற்றிலும் இரண்டு நாள். பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது. வாணலியில் சிறு தீயில் வாசனை வரும்வரை மட்டும் வறுக்கவும். கருக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், முளைகட்டியதே வீண்.

மில்லில் ஒரு கவனம். மிளகாய்த்தூள், மல்லித்தூள் ஓட்டிய எந்திரத்தில் போட்டால் அடுத்த நாள் குழந்தை ஏன் அலறுகிறது என்று தெரியாது. அரிசி மாவு அரைத்த பிறகு போடச் சொல்லி, முதலில் விழும் இரண்டு கைப்பிடியைத் தனியே எடுத்துவிடுங்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும், தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, ஒரு வாரத்தில் கட்டி பிடிக்கும். நல்ல சல்லடையில் சலித்தால் இந்த மாவுக்கு வடிகட்டும் வேலை கிடையாது. குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும். கொஞ்சம் நாரும் உள்ளே போகும், வேப்பமர நிழல் சொன்ன சிக்கலுக்கும் நல்லது.

சத்துமாவைப் பற்றி: பொருள் கெட்டது அல்ல, நேரம்தான் சரியில்லை. பதினெட்டுச் சாமானில் கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா எல்லாம் இருக்கும். உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளியில், பகல் நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். வேர்க்கடலையையும் முட்டையையும் ஒரு வயதுக்குத் தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை, எனவே அவற்றை ஒதுக்க வேண்டாம். நைசாக அரைத்து, நன்றாக வேகவைத்துக் கொடுத்தால் போதும். ஏற்கெனவே உடம்பில் கரப்பான் அதிகம் உள்ள குழந்தைக்கு மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். எல்லாம் ஒத்துக்கொண்டது தெரிந்ததும் அத்தையின் மாவையே தாராளமாகக் காய்ச்சலாம். அங்கன்வாடி சத்துமாவு என்றால் அதில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், மேலே எதுவும் போடாதீர்கள்.

ஃபிளாஸ்க் வேண்டவே வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் நேரம் ஆக ஆகச் சூடு இறங்கி, கிருமி பெருகத் தோதான இளஞ்சூட்டில் நின்றுவிடும். கூழ் கொதித்தாலும் சாகாத கிருமி வித்து தானியத்தில் உண்டு, அதற்கு அந்த இளஞ்சூடு தொட்டில் மாதிரி. வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம் கணக்கு, நம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். காலையில் காய்ச்சியதில் மதியத்துக்கு வேண்டியதை ஊட்டும் முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, ஒருமுறை மட்டும் தளதளவென்று கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். அன்றைக்குள் முடிக்க வேண்டும். ஊட்டி மிஞ்சியதை எடுத்து வைக்காதீர்கள். எச்சில் ஸ்பூன் பட்ட கூழ் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தண்ணீராக விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், எச்சிலிலும் மாவை உடைக்கும் நொதி இருக்கிறது.

சொல்லப்போனால் மாவு கையில் இருந்தால் அத்தை புதிதாகக் காய்ச்சவே எட்டு நிமிடம்தான்.

எடைக்கல்

ஒரு சேர்க்கை. முளைகட்டிய மாவில் காய்ச்சாத நாளில் பருப்பு சாதமோ கூழோ இறுகிப்போனால் தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைகட்டிய ராகி மாவு அரை டீஸ்பூன் தூவிக் கலக்கினால் ஐந்து நிமிடத்தில் தானாக இளகும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள், பச்சை மாவாக உள்ளே போகக் கூடாது.

மத்தும்_சட்டியும்

அத்தைகிட்ட "டேபிள்ஸ்பூன், கப்"னு சொல்லாதீங்க. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. ஒரு சில்வர் டம்ளரையும் ஒரு ஸ்பூனையும் இதுக்குன்னே ஒதுக்கி, மாவு டப்பாவுக்குள்ளயே ஸ்பூனைப் போட்டு வச்சுடுங்க. தண்ணி எவ்வளவுன்னு டம்ளர் உள்பக்கம் ஆணியால ஒரு கோடு கீறிட்டா அது அழியாது.

பொள்ளாச்சி_இளநீர்

மாவு டப்பா மூடி மேல இன்னிக்கே எழுதி ஒட்டறேன். கறந்த பாலும் அந்த ஃபிரிட்ஜ்லதான் வைக்கணும், கூழ் கிண்ணத்துக்குப் பக்கத்துல வைக்கலாமா?

தானியக்கூடை

வைக்கலாம், பால் மூடிய பாத்திரத்தில், மேல் தட்டில் உள்பக்கமாக. கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். கறந்த தேதியையும் நேரத்தையும் ஒட்டிவிடுங்கள். அப்படி வைத்த பால் நான்கு நாள் வரை தாங்கும், ஆனால் பழையதை முதலில் எடுக்க வேண்டும். சூடாக்கும்போது அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்தால் போதும். கூழைக் கொதிக்கவைக்கச் சொன்னேன், பாலைக் கொதிக்கவைக்கக் கூடாது. இரண்டையும் அத்தை மாற்றிச் செய்துவிடாமல் அந்தச் சீட்டில் இதையும் எழுதிவிடுங்கள்.